ஏழில் முடியாத கோப்பு

ஆவணக் காப்பகத்தில் அவளுக்கு 'ஏழு மேடம்' என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள், முதுகுக்குப் பின்னால்தான். அது அவளுக்குத் தெரியும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். வினையை விலைக்கு வாங்கியவள் அவளேதான் என்பதால் யாரையும் குறை சொல்ல வழியில்லை.

ஊரின் நினைவைப் பாதுகாக்கும் இடம் என்று வாசலில் பலகை மாட்டியிருக்கிறார்கள். உள்ளே பாதி வேலை கழித்துக்கட்டுவதுதான். வருகிற காகிதத்தையெல்லாம் வைத்துக்கொள்ள எந்தக் கட்டடத்துக்கும் வயிறு பத்தாது. எதை வைப்பது என்பதை மனசு போன போக்கில் விட்டால் பெரிய மனிதர்களின் கோப்புகள் மட்டும் மிஞ்சும். அதனால் இருபத்தாறு வருடங்களுக்கு முன்பு ஒரு கூட்டத்தில் அவள் ஒரு யோசனை சொன்னாள். ஒரே மாதிரிக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் வந்தால், எண் ஏழில் முடிபவை இருக்கட்டும், மற்றவை போகட்டும். யார் சிபாரிசும் செல்லாது. ஏன் ஏழு என்று கேட்டார்கள். "ஏதாவது ஒண்ணு வேணுமே" என்றாள். அதுவே விதியாகிவிட்டது. ஒரே ஒரு சலுகை உண்டு. ஒவ்வொரு முறையும் ஐந்து கோப்புகளை மட்டும், தக்க காரணம் எழுதி, தனியாக எடுத்து வைக்கலாம்.

இந்த முறை வந்தவை காணாமல் போனவர்களின் கோப்புகள். காவல் நிலையங்களிலிருந்து லாரியில் வந்து இறங்கின, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, தூசி தட்டி, துருப்பிடித்த குண்டூசிகளைப் பிடுங்கிப் போட்டு, எண்ணைப் பட்டியலில் ஏற்றினாள். பட்டியல் முடிகிற நான்காவது நாள் அவள் கைக்கு அண்ணன் வந்து சேர்ந்தான்.

எண் நான்கில் முடிந்தது.

பத்தொன்பது வயதில் ஒரு மத்தியானம் வீட்டை விட்டுக் கிளம்பியவன் திரும்பவே இல்லை. அப்போது அவளுக்குப் பதினாலு. அப்பா ஒரே வாரத்தில் அவனைத் தலைமுழுகிவிட்டார் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். "இனிமே அவன் பேச்சு இந்த வீட்டுல கூடாது" என்று அவர் சொன்னது காதிலேயே இருந்தது. கல்நெஞ்சக்காரர் என்று முடிவு கட்டிவிட்டாள். அவர் போய்ச் சேர்ந்த அன்றுகூட அவள் அழவில்லை.

கோப்பின் முதல் தாள் அப்பாவின் புகார். அதற்குப் பின்னால் காவலர்கள் எழுதிய குறிப்புத் தாள்கள். 'மனுதாரர் நேரில் வந்தார். தகவல் இல்லை எனத் தெரிவிக்கப்பட்டது.' அடுத்த மாதமும் அதே. அதற்கடுத்த மாதமும் அதே. கையெழுத்து மாறியது, மை மாறியது, வாக்கியம் மட்டும் மாறவில்லை. எட்டு வருடங்கள். எண்ணிப் பார்த்தாள். தொண்ணூற்று மூன்று.

அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல இருந்தது. சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று எழுந்துபோய்ச் சாப்பிட்டாள். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சலுகையில் நான்கு தீர்ந்து ஒன்று மீதம் இருந்தது. காரணக் கட்டத்தில் என்ன எழுதுவது? 'என் அண்ணன்' என்று எழுத முடியுமா? 'தந்தை தொண்ணூற்று மூன்று முறை வந்தார்' என்று எழுதலாமா? பக்கத்துக் கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். அதில் ஓர் அம்மா நூற்றுப்பத்து முறை வந்திருந்தாள். அடுத்ததில் ஒருத்தி புருஷனைத் தேடி, பிள்ளை பெற்ற மாதம்கூட விடாமல் வந்திருந்தாள். எந்தக் கட்டை அவிழ்த்தாலும் யாராவது வந்துகொண்டே இருந்தார்கள்.

"மேடம், இன்னும் ஒண்ணு வெச்சுக்கலாமே, இடம் காலியா இருக்கே" என்றார் காகிதம் நறுக்கும் மெஷின்காரர்.

"யாரை வைக்கறது? வேண்டாம், விடுங்க."

கட்டத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டாள். தன் அண்ணனை எடுத்து வைத்தால் யார் கேட்கப் போகிறார்கள்? பிழைக்கத் தெரியாதவள் என்று நாம் சொல்லலாம், மெஷின்காரரும் பிறகு அதைத்தான் சொன்னார். கழிக்கும்போது ஓர் அதிகாரி கூடவே நிற்க வேண்டும் என்பதும் விதி. நின்றாள். நாலு மணிக்குள் எல்லாம் துண்டு துண்டாகிப் பைக்குள் போய்விட்டது.

வீட்டுக்குப் போகிற வழியில் ஒன்றே ஒன்று தோன்றியது. அம்மாவிடமாவது சொல்லிவிட வேண்டும். எண்பத்து நான்கு வயதில், புருஷன் மேல் அந்தக் குறையோடு அவள் போகக் கூடாது.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இன்னைக்கு அண்ணனோட ஃபைலைப் பார்த்தேன்."

அம்மாவின் கை துண்டின் மேல் அப்படியே நின்றது.

"அப்பா அவனைத் தேடியிருக்காரும்மா. மாசா மாசம் ஸ்டேஷனுக்குப் போயிருக்காரு. நமக்குத்தான் தெரியல."

"உனக்குத்தான் தெரியாது" என்றாள் அம்மா. "சனிக்கிழமை சந்தைக்குன்னு சொல்லிட்டு ரெண்டு பேரும் கிளம்புவோமே, எங்க போனோம்னு நெனச்ச? உள்ள ஒருத்தரைத்தான் விடுவாங்க. நான் வெளியில படியில உக்காந்திருப்பேன். வீட்டுல ஒருத்தராவது நிம்மதியாத் தூங்கட்டும், சின்னவகிட்ட மூச்சு விடாதேன்னு உங்கப்பா சொல்லிட்டாரு."

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அம்மாவே கேட்டாள்: "அதுல நான் வந்தது எழுதியிருக்கா?"

தாளில் இல்லாததை இருக்கிறது என்று அவள் வாழ்நாளில் சொன்னதில்லை.

"இருக்கும்மா. மனுதாரரும் மனைவியும் வந்தார்கள்னு எழுதியிருக்கு."

"எத்தனை தடவை?"

"தொண்ணூத்தி மூணு."

அம்மா விரலை மடக்கி மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டாள். பிறகு தலையாட்டி மறுத்தாள்.

"தப்பு. ரெண்டு தடவை எனக்குக் காய்ச்சல், அவரு மட்டும்தான் போனாரு. நான் போனது தொண்ணூத்தி ஒண்ணு. அதைச் சரி பண்ணிடு. பின்னாடி படிக்கிறவங்க தப்பா நெனச்சுக்கக் கூடாது."

"சரிம்மா. காலையில முதல் வேலையா மாத்திடறேன்."

"பேனாவால எழுது" என்றாள் அம்மா. "பென்சில்னா அழிஞ்சு போயிடும்."