கோப்போடு போகாத எழுத்து

சக்குபள்ளத்தில் என் கணினிக் கடைக்கு வருகிறவர்கள் குறையைத் தமிழில் சொல்லிவிட்டு மனுவை மலையாளத்தில் அடித்து வாங்கிப் போவார்கள். போடியிலிருந்து மலையேறி வந்து ஒன்பது வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை. ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் பேச்சியக்கா மட்டும், தான் சொன்னது சொன்னபடியே தமிழில் போகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். கணவர் இறந்ததும், அவர் பேரில் தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டை, அந்த வரிசைக் குடியிருப்பை, காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். தனக்குப் போக வேறு இடமில்லை என்ற ஆட்சேப மனு அன்று மாலை ஐந்து மணிக்குள் தாலுகா அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். அடித்து, பிடிஎஃப் ஆக்கி அனுப்பினேன்.

நாலு மணிக்கு அங்கிருந்து எழுத்தர் கூப்பிட்டார். "இது ஏது பாஷயா சாரே?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. தமிழில் மனு கொடுக்க எங்களுக்கு உரிமை உண்டு என்று சண்டைக்கே போய்விட்டேன்.

"தமிழ் கண்டால் எனிக்கு அறியாம். இது தமிழல்ல," என்றார் அவர் பொறுமையாக. பார்த்தால் தமிழ் எழுத்து எது என்று அவருக்குத் தெரியுமாம்.

கோப்பைக் கைப்பேசியில் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகக் கிடந்தது. போடி அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்த காலத்து ஃபான்டைத்தான் இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறேன். அங்கே என் கணினியிலிருந்து பக்கத்துப் பிரிண்டருக்குப் போவதோடு சரி. ஃபான்டையும் கோப்புக்குள் சேர்த்து அனுப்பும் தேவையே வந்ததில்லை. அந்த ஃபான்ட் இருக்கும் என் திரையில் மட்டும் என்றைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். சேர்த்து அனுப்பும் வசதியைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன். அந்தப் பழைய ஃபான்ட் அதற்கு இடம் கொடுக்கவில்லை. வேறு வழியில்லாமல், எந்தக் கணினியிலும் தெரியும் யூனிகோடில் முதலிலிருந்து அடித்தேன். பேச்சியக்கா எதிரே முந்தானையைத் திருகியபடி உட்கார்ந்திருந்தார்.

நாலே முக்காலுக்கு மறுபடி அனுப்பினேன். "இப்போ தமிழாயி," என்று எழுத்தர் சிரித்தார். ஆனால் அவருக்குத் தமிழ் படிக்கவும் தெரியாது, கேட்டாலும் புரியாதாம். விஷயத்தைப் போனிலேயே மலையாளத்தில் சொல்லச் சொன்னார். சொன்னேன். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்: "அவருடெ நாடு எவிடெயா?"

சொந்த ஊரை யார் கேட்டாலும் தாத்தன் விட்டு வந்த ஊரைச் சொல்வதுதான் இங்கே தோட்டத்துத் தமிழர்களின் வழக்கம். பேச்சியக்காவே அப்படிப் பலமுறை சொல்லியிருக்கிறார். "சங்கரன்கோவில், தமிழ்நாடு," என்றேன்.

பேச்சியக்காவின் முகம் செத்துப்போனது. "என்ன தம்பி இப்பிடிச் சொல்லிப்புட்டீக? நான் பொறந்ததே இந்த லயத்துலதான? அந்த ஊர நான் கண்ணால கண்டதில்லயே. அங்கயே போன்னு சொல்லிருவாகளே!"

மறுமுனையில் அவர் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. "சார், அத அழிச்சிருங்க, அழிச்சிருங்க," என்று கத்தினேன். பதற்றத்தில் வாயில் தமிழ்தான் வந்தது.

"எந்தா?" என்றார் எழுத்தர்.