குஷாய்குடாவில் நாங்கள் பார்க்காதவர்கள்

மற்றவர்கள் டாக்டரைப் படிப்பையும் பெயரையும் வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். என் அப்பா தூரத்தை வைத்துத் தேர்ந்தெடுத்தார். ராமச்சந்திராபுரம் கம்பெனி குவார்ட்டர்ஸில் இருந்த எங்களுக்கு, நகரத்தின் மறுகோடியில் குஷாய்குடாவில் இருந்த குழந்தைகள் மனநல டாக்டர்தான் சரிப்பட்டார். அங்கே நம்மைத் தெரிந்தவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள், பாருங்கள்!

அப்போது நான் நான்காம் வகுப்பு. பள்ளியில் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்ட ஒரே தோழி, அவள் அப்பாவுக்கு மாற்றல் வந்ததும் வேறு ஊருக்குப் போய்விட்டாள். அதிலிருந்து ஸ்கூல் பஸ் வரும் நேரத்துக்குச் சரியாக எனக்கு வயிறு வலிக்கும், வாந்தி வரும். டிபன் டப்பா தொடாமல் வீடு திரும்பும். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், வயிற்றில் ஒன்றுமில்லை, மனசைப் பார்ப்பவரிடம் காட்டுங்கள் என்றார். அன்று முழுக்க அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

ஒரு சனிக்கிழமை, பஸ் மாறி பஸ் மாறிப் போய்ச் சேர்ந்து, கிளினிக் கதவைத் திறந்தால், எதிரே மாடி வீட்டு மாமா, மாமி, நடுவில் அக்கா! எங்களுக்கு நேர் மேல் வீடு. அக்கா பத்தாம் வகுப்பு; குவார்ட்டர்ஸ் அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளைத் திட்டும்போதெல்லாம் உதாரணம் காட்டும் அக்கா.

மாமா சட்டென்று மீன்தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா சுவர்க் காலண்டரை ஆழ்ந்து படிக்க ஆரம்பித்தார். தினமும் கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் போகிறவர்கள் இவர்கள். "அம்மா, அக்கா!" என்றேன். அம்மா தொடையில் கிள்ளினாள்.

உள்ளே டாக்டர் என்னோடு படம் வரைந்து விளையாடினார். பிறகு அப்பாவிடம் விளக்கினார். வாராவாரம் வந்து பேசட்டும், விளையாடட்டும், நீங்கள் இரண்டு பேரும்கூடச் சில நாள் உட்கார வேண்டும், பள்ளியிலும் சொல்லிவைப்போம். சில பிள்ளைகளுக்கு மருந்தும் சேர்த்துத் தேவைப்படும், இவளுக்கு இப்போது வேண்டாம். ஒரு டானிக்காவது எழுதித் தரக்கூடாதா, இவ்வளவு தூரம் வந்திருக்கிறோமே என்று அப்பா தெலுங்கில் கெஞ்சிப் பார்த்தார். கிளம்பும்போது, அடுத்த முறை சனிக்கிழமை வேண்டாம் என்று வேறு கிழமை வாங்கிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் அவர்கள் முன்பக்கம், நாங்கள் கடைசி சீட்டு. குவார்ட்டர்ஸ் வந்ததும், அவர்கள் மாடிப்படி ஏறி முடிக்கும்வரை அப்பா கீழே குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அப்புறம் என்னிடம், "நாம யாரையும் பாக்கல. யாரும் நம்மளப் பாக்கல. புரிஞ்சுதா?" என்றார்.

ஞாயிறு மாலை, மாடிப்படித் திருப்பத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அதிசயமாகக் கையில் புத்தகம் இல்லை. என்னைக் கண்டதும் சுவரோரம் நகர்ந்துகொண்டாள்.

"ஏய், உனக்கு என்ன சொன்னாங்க? மாத்திரையா, பேச்சா?"

நான் உட்காராமல் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கு ரெண்டும். எதுக்கு பயப்படுறே? நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்டீ."

"நான் உங்களப் பாக்கவே இல்லியேக்கா."

அக்கா, "ஹவ், சரி. நானும் உன்னப் பாக்கல" என்று எழுந்து, மேலே போய்விட்டாள்.

ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்கு ஒரே பெருமை.

திங்கட்கிழமை மதியமும் டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது கொஞ்சம் நகர்ந்து இடம் விடமாட்டார்களா என்று சாப்பாட்டுக் கூடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் மாடிப்படியில் ஒருத்தி நகர்ந்து இடம் விட்டிருந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.