தேவப்பிரியத்தின் இங்கிலீஷ் ஆசைகள்

விரல்கள் பஞ்சைப் பிய்த்து உருட்டுகின்றன. உதடுகளுக்கு வேறு வேலை. ஓர் உருண்டை தகர டப்பாவுக்குள் விழும்போதெல்லாம் ஓர் ஆசையும் கூடவே விழுகிறது. "ஐ விஷ் ஐ வேர் எ ஷிப்." தான் ஒரு கப்பலாக இருந்தால் தேவலை என்கிறாள் தேவப்பிரியம். அடுத்த உருண்டைக்கு, வீட்டுக்குள்ளேயே ஒரு தண்ணீர்க் குழாய். அதற்கடுத்ததற்கு, யாரும் வந்து எழுப்பாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

ராயபுரத்தில் ஒரு சிறிய பிரசவ ஆஸ்பத்திரியில் அவள் வார்டு ஆயா. ஊர் நாசரேத் பக்கம். புருஷன் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர்; நெஞ்சுச் சளியில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அழுது முடித்த கையோடு வேலைக்கு வந்துவிட்டாள். நகத்தை ஒட்ட வெட்டியிருப்பாள். புடவை கணுக்காலுக்கு மேலேதான் நிற்கும். தண்ணீர் நிறைந்த பேசினை ஒரு சொட்டு சிந்தாமல் வார்டு நீளத்துக்கும் கொண்டுபோவாள். சிந்தினால் துடைக்க வேண்டியவளும் அவள்தானே.

மருத்துவச்சி வகுப்பில் சேர வேண்டும் என்பது அவள் நினைப்பு. முப்பத்தைந்து வயது ஆகிவிட்டால் சேர்க்க மாட்டார்கள், அவளுக்கு முப்பத்துநாலு. பாடமெல்லாம் இங்கிலீஷில் என்பதால் முதலில் இங்கிலீஷில் ஒரு வாய்ப் பரீட்சை உண்டு. போன வருஷம் மூன்று இடத்தில் சறுக்கினாள்: ஆசைப்படுவது, 'இப்படி நடந்திருந்தால்' என்று சொல்வது, அடித்துச் சொல்வது. ஆகவே இந்த வருஷம் முழுக்க அந்த மூன்றும்தான்.

பயிற்சிக்குத் துணை கம்பவுண்டர் மஜீது. வண்ணாரப்பேட்டைக்காரர், மருந்து ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரையே கேலி செய்பவர்.

"இன்னாம்மா பிரியம், கத்திரிக்கோல வேக வெச்சியா, வெயில்ல காட்டிட்டு வந்துகினு கீறியா?"

"ஐ டிட் பாயில் இட்!" அடித்துச் சொல்லும் அந்த 'டிட்'டுக்கு ஜன்னல் பலகையில் ஒரு குத்து.

"யா அல்லா! மிக்சர் பாட்டிலெல்லாம் ஆடுது. பாஸும்மா, பாஸு!"

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வார்டு மிதக்கத் தொடங்கும். கரித்தூள் படிந்த ஜன்னல் திரை கடற்காற்றில் கப்பல் பாய் போல உப்பும், சுருங்கும். பினாயில் வாடையும் கருவாட்டு வாடையும் கலந்து வரும். எங்கோ ஒரு கப்பல் ஊதும். பால் குடித்த குழந்தைகள் உறங்க, தாய்மார்கள் பாதி உறக்கத்தில் கிடப்பார்கள். அப்போது தேவப்பிரியத்தின் முணுமுணுப்பு மட்டும் கேட்கும். ஒருநாள் ஜன்னத் என்ற புதுத்தாய் கேட்டாள்:

"இன்னாக்கா, தனியா பேசிக்கினு கீறே?"

"ஆசையை இங்கிலீஷில சொல்லிப் பாக்கேன்."

"தொர பாஷையில கேட்டா சீக்கிரம் கெடைக்குமா?"

"கிடைக்குமோ கிடைக்காதோ. கேக்கதுக்குக் காசா பணமா?"

"அப்போ எனக்கும் ஒண்ணு கேளு. மொட்ட மாடி, நெலா, ஒரு தட்டு நெறைய ஐஸு."

அன்றிலிருந்து அது வார்டின் வழக்கமாயிற்று. கட்டிலுக்கு ஓர் ஆசை. ஒருத்திக்குப் பட்டணத்து டிராமில் நாள் முழுக்கச் சும்மா போய்வர வேண்டும். இன்னொருத்திக்கு மாமியார் ஒரு வாரம் ஊமையாக வேண்டும், "அத மட்டும் மெதுவா சொல்லு." எல்லா ஆசையையும் தேவப்பிரியம் இங்கிலீஷாக்கிக் காற்றில் விடுவாள். அவர்கள் கண்ணை மூடிக் கேட்பார்கள், மருந்து இறங்குவதைப் போல.

சொக்கம்மாள் மட்டும் ஆசை எதுவும் சொல்லவில்லை. கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குபவரின் மனைவி. மூன்றாம் பேறு, முதல் இரண்டும் தங்கவில்லை. சுவரைப் பார்த்தே படுத்திருந்தவள் ஒரு மத்தியானம் திரும்பினாள்.

"அக்கா, இதுவும் தங்கலேன்னு வெச்சுக்கோ, நானு…"

"ஏட்டி, வாயை மூடு. இந்த ரூமுக்குள்ள அந்தப் பேச்சு கிடையாது."

கிடையாதுதான். அந்த வார்டில் ஏதாவது ஆகிவிட்டால் டாக்டர்கூட "கட்டில் காலி" என்றுதான் சொல்வார். அது மூட நம்பிக்கை என்று சிரிப்பவர்கள் நோவில் கிடப்பவளின் பக்கத்தில் நின்றதில்லை. ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், முக்குவதை விட்டுவிடுவாள்.

ஏப்ரலில், மருத்துவச்சி வகுப்புக்கு ஆள் எடுக்கப் பெரிய டாக்டரம்மா வந்தார். வேறு இடமில்லாததால் வார்டு வராந்தாவிலேயே நாற்காலி போட்டார்கள். நடுவில் ஒரு திரைதான். திரைக்கு உள்ளே சொக்கம்மாளுக்கு விடியற்காலையிலிருந்து நோவு.

ஆசை கேட்டார். தண்ணீர்க் குழாயைச் சொன்னாள். அடித்துச் சொல்லச் சொன்னார். சொன்ன சொல்லில் டாக்டரம்மாவின் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு ஒரு வாக்கியத்தின் முதல் பாதியைப் படித்து, முடிக்கச் சொன்னார்: 'மருத்துவச்சி தாமதமாக வந்திருந்தால், குழந்தை…'

மீதி அவளுக்குத் தெரியும். மஜீது நூறு தரம் சொல்ல வைத்தது அதைத்தான். அதில் வரும், சாவைச் சொல்லும் 'டைட்' என்ற சொல் சொக்கம்மாளுக்கும் தெரியும். கூட்ஸ் ஷெட்டில் விபத்து நடந்தால் வீட்டுக்கு வந்து சேரும் முதல் இங்கிலீஷ் அதுதான்.

"வேற ஒண்ணு கேளுங்கம்மா. இதை இங்க சொல்ல மாட்டேன்."

"தெரியலையா?"

"தெரியும். உள்ள ஒருத்தி நோவுல கிடக்கா."

"பரீட்சைக்கு உள்ளே வெளியேன்னு கிடையாது." டாக்டரம்மா பேனாவை மூடினார். "நாளைக்குக் காலையில கிளம்பறப்போ பேர் சொல்லிடுவேன்."

மஜீது தலையில் கை வைத்துக்கொண்டார். "பேஜாரு பண்ணிட்டியேம்மா! கண்ண மூடிக்கினு சொல்லித் தொலைக்கிறதுதானே? அடுத்த வருசம் உனக்கு வயசு பூடும்."

"என் வயசு எனக்குத் தெரியாதாக்கும்?" என்றபடி அவள் கை கழுவப் போனாள்.

வலிக்கு நடுவே சொக்கம்மாள் கேட்டாள்: "அக்கா, அந்தம்மா இன்னா கேட்டாங்கோ?"

"பஞ்சு எங்க வாங்குதோம்னு கேட்டாவ. நீ மூச்சை இழுத்து விடு."

விளக்கு வைக்கும் நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. முதலில் நீலம் பாரித்துக் கிடந்தது. தேவப்பிரியம் விரலில் துணி சுற்றித் தொண்டையைத் துடைத்து, கால்களைப் பிடித்துத் தலைகீழாக்கித் தட்டினாள். தட்டியதும் கத்தியது. ஆனால் எடை போதாது. வெந்நீர்ப் புட்டிகளுக்கு நடுவே படுக்க வைத்தார்கள். பிழைக்குமா என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை டாக்டரம்மாவின் மோட்டார் வாசலில் நின்றது. தேவப்பிரியம் கேட்டைத் தாண்டினாள், சாலையையும் தாண்டினாள், எதிர்ச் சாரியில் துறைமுக மதில் ஓரமாக நின்றுகொண்டு கூப்பிட்டாள்:

"அம்மா, ஒரு நிமிஷம் இங்க வாங்க."

கரி வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி டாக்டரம்மா வந்து சேர்ந்தார். தேவப்பிரியம் ஆஸ்பத்திரிக்கு முதுகைக் காட்டி நின்று, ஓர் எழுத்தும் தடுக்காமல் சொன்னாள்:

"இஃப் தி மிட்வைஃப் ஹாட் கம் லேட், தி சைல்ட் வுட் ஹாவ் டைட்."

டாக்டரம்மா அவளையும் பார்த்தார், சாலைக்கு அந்தப் பக்கம் காற்றில் உப்பிய ஜன்னல் திரையையும் பார்த்தார்.

"ஜூன் ஒண்ணாந் தேதி வகுப்பு ஆரம்பம். ரெண்டு வெள்ளைப் புடவை எடுத்துண்டு வா. வருவியா?"

தேவப்பிரியம் 'இருங்கள்' என்று ஒரு விரலைக் காட்டிவிட்டு, தெருக் குழாயடிக்கு நடந்தாள். தண்ணீரைக் கை நிறைய ஏந்தி, அந்தச் சொல் பட்ட வாயைக் கொப்பளித்துச் சாக்கடையில் துப்பினாள். போதவில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். மறுபடியும் கையை ஏந்தினாள்.