சிரிப்பு வேதாசலத்துக்காக நான் கேட்டது

அம்மனை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் அம்சவேணி. உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நெல் மில்லில் வேலை செய்கிறேன். என் வீட்டுக்காரர் ஏழுமலைக்காக நான் எங்கள் ஊர் கெங்கையம்மனிடம் கேட்டது கிடைக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் இது பொய்ச் சாட்சி ஆகிவிடும்.

கொரோனா இரண்டாம் அலை. வைகாசி மாதம். அவருக்குக் காய்ச்சல் வந்தது. டிராக்டர் ஓட்டி உரமேறிய உடம்பு, தாங்கிவிடும் என்று நினைத்தோம். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். படுக்கை கிடைக்கும்வரை வராந்தாவில் என் மடியில்தான் படுத்திருந்தார். தாலிக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, "தாயே, வேறே எதையும் கேக்கமாட்டேன், இதை மட்டும் வுட்டுடு" என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தேன். வார்டில் படுக்கை கிடைத்தது, என்னையும் கூட இருக்க விட்டார்கள். ஆனாலும் அவர் போய்விட்டார்.

முகத்தைக் காட்டவில்லை. பாலிதீனில் சுற்றி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். எந்தச் சடங்கும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் சுவரில் இருந்த அம்மன் படத்தைக் கழற்றிப் பரண்மேல் போட்டேன். ஊரில் கோயிலும் பூட்டித்தான் இருந்தது. திறந்திருந்தாலும் போயிருக்கமாட்டேன். அந்த ஆடியில் கூழ் ஊற்றவில்லை, கரகம் எடுக்கவில்லை, மைக் செட் கட்டவில்லை. ஊரே செத்த மாதிரி இருந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. சாப்பிட ஆள் இல்லாத வீட்டில் எதற்கு அடுப்பு என்று விட்டுவிட்டேன். தண்ணீர் எடுக்கப் போய், கிணற்றுக்குள் பார்த்தபடி வெகுநேரம் நின்ற நாட்களும் உண்டு.

அப்போதுதான் மில்லில் மூட்டை தூக்கும் ஒருவர் அந்தச் செய்தியைச் சொன்னார். "சிரிப்பு வேதாசலம் கீறாரு இல்ல? கொரோனா வந்து பொழச்சிக்கினாரு. அப்புறம் கருப்புப் பூஞ்சையாம். ஒரு கண்ணை எடுத்துட்டாங்க. மேல்வாயிலயும் பாதிய எடுத்துட்டாங்களாம்."

நான் அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. பாட்டுக் கச்சேரிக்கு நடுவில் தனியாக மைக்கைப் பிடித்துக்கொண்டு வருவார். பஸ் கண்டக்டர் போலவும், ரேஷன் கடையில் சண்டை போடும் பெண்கள் போலவும், கயிறு அறுத்துக்கொண்டு ஓடும் எருமை போலவும் ஒரே வாயால் பேசுவார். எனக்குக் கல்யாணமான புதிதில் நானும் என் வீட்டுக்காரரும் முதன்முதலாகச் சேர்ந்து பார்க்கப் போனது சினிமா இல்லை, வேதாசலத்தின் நிகழ்ச்சிதான். அதற்கப்புறம் வாலாஜாபாத், புள்ளலூர், ஓரிக்கை என்று எங்கே அவர் வந்தாலும் மொபெட்டில் போய்விடுவோம். என் வீட்டுக்காரர் சிரித்தால் பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவ்வளவு சத்தம்.

அந்த வாயை எடுத்துவிட்டார்கள்.

அன்றைக்கு வேலை முடிந்ததும் பூட்டிய கோயில் முன்னால் போய் நின்றேன். கைகூப்பவில்லை. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டேன். "என் ஆளை எடுத்துக்கினே. கேட்டும் குடுக்கலை. இந்த மனுசனையாவது எழுப்பிக் குடு. அவரு திரும்ப மேடை ஏறணும். உன் காது கேக்குதா, இல்லையா?" எனக்காக எதையும் கேட்க வாய் வரவில்லை. யாரோ ஒரு மனிதருக்காகக் கேட்க மட்டும் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பஸ் பிடித்துத் தென்னேரிக்குப் போனேன். ஏரிக்கரையை ஒட்டி அவர் வீடு. அவருடைய மனைவி வசந்தாக்கா கதவைத் திறந்தார்.

"யாரும்மா நீ?"

"உங்க வூட்டுக்காரரோட ரசிகை. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"யாரையும் பாக்கமாட்டேன்றாரும்மா. கூட மேடை ஏறினவங்க வந்தாகூட மூஞ்சைத் திருப்பிக்கினாரு."

இருந்தாலும் என்னை உள்ளே விட்டார். கட்டிலில் அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். கஞ்சி அதன் வழியாகத்தான் இறங்கியது. வாயால் குடித்தால் மூக்கு வழியாக வந்துவிடுமாம். என்னைப் பார்த்ததும் ஏதோ சொன்னார். எல்லாம் மூக்கில் போய் முட்டிக்கொண்டு வந்தது, ஒரு வார்த்தை புரியவில்லை. போகச் சொல்லிக் கையை ஆட்டினார். அது மட்டும் புரிந்தது.

வாசலில் வசந்தாக்கா அழுதார். "நேத்து டியூபைப் புடுங்கிட்டாரு. கெஞ்சிக் கூத்தாடித்தான் திரும்பப் போட்டோம். வாணாம், என்னை வுட்டுடுன்னு கையெடுத்துக் கும்புடறாரு. ஆபரேசன் பண்ண ஆஸ்பத்திரிக் கூட்டத்துல அப்புறம் இன்னா பண்றதுன்னு கேக்கக்கூட ஆள் கிடைக்கலைம்மா."

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைகளில் தென்னேரிக்குப் போவேன். வசந்தாக்காவுக்குக் கூடமாட ஒத்தாசை செய்துவிட்டு வருவேன். திரும்பி வந்து கோயில் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். ஆவணி போனது. ஒன்றும் நடக்கவில்லை. அவர் எலும்பும் தோலுமாக ஆனார். துண்டு முகத்தை விட்டு இறங்கவே இல்லை. அம்மன் இந்த முறையும் கைவிடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் கேட்பதை நிறுத்தவில்லை. நம்பிக்கை என்று சொல்லமாட்டேன். விட்டுவிட்டால் எனக்குச் செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை.

புரட்டாசியில் எங்கள் கோயில் மண்டபத்தில் தடுப்பூசி போட வந்தார்கள். ஊசி போட்டுவிட்டுச் சிறிது நேரம் உட்கார வேண்டும் என்றார்கள். சன்னதிக்கு எதிரில் உட்கார்ந்தேன். கதவு திறந்திருந்தது. என் வீட்டுக்காரர் போனபிறகு அன்றைக்குத்தான் அம்மன் முகத்தை நேராகப் பார்த்தேன். அழுகை நிற்கவில்லை. ஊசி போட்ட நர்ஸம்மா பயந்து ஓடிவந்தார்.

"இன்னாக்கா, மயக்கமா வருதா?"

எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். மேல்வாய் போனது, கஞ்சி மூக்கில் வருவது, பேச்சு போனது. அவர் நிதானமாகக் கேட்டார். "அதுக்குத் தட்டு செஞ்சு போடுவாங்களே அக்கா. பல் செட் மாதிரி. ஓட்டையை அது அடைச்சிக்கும். சாப்பாடும் எறங்கும், பேச்சும் வரும். சென்னையில கவர்மெண்டு பல் ஆஸ்பத்திரியில பண்றாங்க. அவருக்கு யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய ஆபரேஷன் செய்துகொண்டு வந்த மனிதருக்கு, இப்படி ஒன்று இருக்கிறது என்றே தெரியாது. நான் சன்னதியைத் திரும்பிப் பார்த்தேன். உங்களுக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கேட்டதற்குப் பதில், கேட்ட இடத்திலேயே வந்தது.

ஆனால் அவர் வரமாட்டேன் என்றார். இன்னொரு முறை ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கமாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வசந்தாக்கா கெஞ்சினார், திட்டினார். அசையவில்லை. அப்போதுதான் நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

"அண்ணா, என் வூட்டுக்காரரு போறதுக்கு மொத நாளு, வார்டுல மாஸ்க் போட்டுக்கினு படுத்திருந்தாரு. செல்லுல இன்னா போடட்டும்னு கேட்டேன். சாமிப் பாட்டு கேப்பாருன்னு நெனைச்சேன். உங்க பேரைச் சொன்னாரு. போட்டேன். பக்கத்துக் கட்டில்காரரு சத்தமா வையின்னாரு. சிரிச்சா மூச்சு வாங்குது, நிறுத்துங்கன்னு நர்ஸு வந்து திட்டினாங்க. இவரு நிறுத்த வுடலை."

அவர் சுவர்ப் பக்கத்திலிருந்து திரும்பினார். பிறகு துண்டுக்குள்ளிருந்து ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. வசந்தாக்காதான் சொன்னார்: "எந்தக் காமெடின்னு கேக்கறாரு."

"எருமை, அண்ணா. கயிறு அறுத்துக்கினு ஓடுமே, அது."

மறுபடி கேட்டார். இந்தத் தடவை எனக்கே புரிந்தது. "சிரிச்சாரா?"

"சிரிச்சாரு. மாஸ்க்கெல்லாம் ஆவி படிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் அவரு சிரிக்கலை."

துண்டைக் கீழே இறக்கினார். நான் முதல் தடவையாக அந்த முகத்தைப் பார்த்தேன். ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. கண் இருந்த இடத்தில் தையல். மீதி இருந்த கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் சென்னைக்குப் போக வேனில் ஏறினார்.

நினைத்த மாதிரி உடனே நடந்துவிடவில்லை. வாய் திறக்கவே வலி. அளவு எடுப்பதும், தட்டு சரியில்லை என்று திரும்பச் செய்வதுமாகத் தை மாதம் வந்துவிட்டது. தட்டைப் போட்டுக்கொண்டு முதலில் தண்ணீர் குடித்தார். மூக்கில் வரவில்லை. குழாயை எடுத்துவிட்டார்கள். "வசந்தா" என்று கூப்பிட்டாராம். அக்கா போனில் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அடுத்த ஆடியில் எங்கள் ஊரில் திரும்பவும் கூழ் ஊற்றினோம். விளக்கு வைத்ததும் பாட்டுக் கச்சேரி ஆரம்பித்தது. நடுவில் அவர் பெயரைச் சொன்னார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒருவர் தோளைப் பிடித்தபடி மேடைக்கு வந்தார். வெளிச்சம் முகத்தில் விழுந்ததும் கூட்டம் அடங்கிப்போனது. முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. நான் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டேன். ஏன்டா இதை வேண்டினோம், இந்த மனிதரை இப்படி நிறுத்திவிட்டோமே என்று இருந்தது.

அவர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். மைக்கைச் சரி செய்தார்.

"இன்னா எல்லாரும் அப்டிப் பாக்கறீங்கோ? உங்க கமிட்டிக்காரரு பாதி ரேட்டுக்குப் பேசி முடிச்சாரு. பாதி ரேட்டுக்குப் பாதி மூஞ்சிதான் வரும், நைனா!"

ஒரு நொடி யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் பின்னால் யாரோ ஒருவர் வெடித்துச் சிரித்தார். பிறகு கூட்டமே சிரித்தது. நான் அழுதேனா, சிரித்தேனா, எனக்கே தெரியவில்லை.

பழைய வேதாசலம் திரும்பி வந்துவிட்டார் என்று சொல்லமாட்டேன். கொஞ்ச நேரம்தான் நிற்க முடிந்தது. சில எழுத்துகள் இன்றைக்கும் மூக்கில்தான் போகின்றன. பூஞ்சைக்கு இடம் கொடுத்த சர்க்கரை வியாதியும் குறையவில்லை. தட்டு சில சமயம் நழுவும், திரும்பி நின்று சரி செய்துகொள்வார். ஆனால் வருடத்துக்கு இரண்டு மூன்று மேடைகளாவது ஏறுகிறார். சோறு சாப்பிடுகிறார்.

நானும் சமைக்கிறேன். வெள்ளிக்கிழமை கோயிலைப் பெருக்கி விளக்கு போடுகிறேன். ஊரில் யாருக்காவது ஆஸ்பத்திரிக்குத் துணை வேண்டுமென்றால் கூடப் போகிறேன். அடுத்து எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று டாக்டரைக் கேட்காமல் வரமாட்டேன். என் வீட்டுக்காரரை ஏன் விடவில்லை என்று அம்மனிடம் இன்றைக்கும் கேட்கிறேன். அவள் பதில் சொல்லவில்லை. கேட்பதை நானும் விடவில்லை.

உங்களில் யாராவது என்னைப் போலக் கோபித்துக்கொண்டு அவள் படத்தைக் கழற்றி வைத்திருக்கலாம். உங்களுக்காகக் கேட்க வாய் வராது, எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் படுத்திருக்கும் ஒருவர் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். கைகூப்ப முடியாவிட்டால் கதவைப் பிடித்துச் சண்டை போடுங்கள். அதையும் அவள் கேட்டுக்கொள்கிறாள்.