அடுப்பு பற்றாத வீட்டுச் சாக்லேட்

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மேற்கொண்டு பேச வசதி. போன வாரம் செல்போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, அடுப்பே பற்றவைக்காமல் கிறிஸ்துமஸ் சாக்லேட் செய்யக் கிளம்பினேன். கோகோ, டின் பால், வறுத்த நிலக்கடலை. உருட்டி பிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் ஒன்றைக் கடித்த என் மனைவி முதலில் பல்லைத் தடவிப் பார்த்தாள். பிறகு மிச்சத்தை அம்மிக் குழவியால் உடைத்தாள். உடைந்ததும் கடலையும் கோகோவுமாக வாசனை எழுந்தது. அதில் ஒன்றுமட்டும் குறைந்தது. கந்தகம்.

சிவகாசியில் காலண்டர் அச்சகமொன்றில் பிழை திருத்திக்கொண்டிருந்த காலம். சாத்தூர் போகிற வழியில் ஒரு மாடியறையில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்கார ஜெயராணி அக்கா, அவர் கணவர், பள்ளிக்கூடம் போகும் மகள். புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் பட்டாசுக் கம்பெனி வேலை. தீபாவளி முடிந்தால் கம்பெனியைக் கொஞ்ச நாள் சாத்திவிடுவார்கள். அந்த நாட்களில்தான் அக்கா சாக்லேட் உருட்டுவார். வெடி சுற்றிய கை அல்லவா, ஒன்றுக்கொன்று வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

வெண்ணெயை மொட்டைமாடியில் தட்டோடு வைத்து உருக்குவார். எங்கள் பக்கத்து வெயில் மார்கழியிலும் லீவு எடுக்காது. கடலை விருதுநகரிலிருந்து வறுத்தே வரும். வெந்நீர் டீக்கடையிலிருந்து பிளாஸ்கில். சோறுகூட அடுத்த தெருத் தங்கச்சி வீட்டிலிருந்து தூக்குவாளியில்.

"என்னக்கா, அடுப்புக்கும் கிறிஸ்துமஸ் லீவா?"

"ஆமா. நீங்க வந்து பாத்திரம் தேய்ங்க, எனக்கும் லீவு கெடைக்கும்."

இதற்குச் சிரித்துவிட்டு மாடியேறிவிடுவேன். உள்ளறை ஏன் எப்போதும் சாத்தியிருக்கிறது, அவர் கணவர் ஏன் பீடி குடிக்கத் தெருமுனைக்குப் போகிறார், வாசலில் நாய் குரைத்தால் எல்லோரும் ஏன் சட்டென்று பேச்சை நிறுத்துகிறார்கள், ஒன்றையும் யோசித்ததில்லை. காலண்டரில் ராகுகாலம் பிசகினால் மட்டும் கண்டுபிடித்துவிடுவேன்.

கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு சாயங்காலம். சர்ச்சிலிருந்து கேரல் பாட வருவதற்குள் நான் முந்திக்கொள்ள ஆசைப்பட்டேன். பஞ்சில் தாடி, சிவப்புப் போர்வை, கையில் எரிகிற மெழுகுவத்தி. வாயில் வந்ததைப் பாடிக்கொண்டே படியிறங்கி வீட்டுக்குள் நுழைந்தேன்.

அக்காவும் மகளும் தரையில் உட்கார்ந்து சாக்லேட் உருட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று உள்ளறை திறந்திருந்தது. கொடியில் கறுப்பு நூல் கற்றை கற்றையாகக் காய்ந்தது. கருந்திரி. வெடிக்குள் தீயைக் கொண்டுபோகிற திரி. வீட்டில் செய்தால் போலீஸ் வரும். போலீசுக்கு முந்தி வேறொன்றும் வரலாம்.

சிரிக்க வாயெடுத்த மகள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். அக்கா எழுந்திருக்கவில்லை, சத்தம் போடவில்லை. பிள்ளையைத் தூங்கவைக்கிற குரலில் சொன்னார்.

"தம்பி, அசையாதீக. ஊதிராதீக, பொறி பறக்கும். வெரல எச்சி பண்ணி நசுக்குங்க."

நசுக்கினேன். விரல் சுட்டது, வலிக்கவில்லை. மெழுகுவத்தியிலிருந்து எழுந்த புகை நிதானமாக உள்ளறைப் பக்கம் நகர்ந்து கரைந்தது. அது கரைகிறவரை மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மாமா, ஒங்க தாடி வாய்க்குள்ள போயிருச்சு," என்றாள் மகள்.

அக்கா தாடியை விலக்கி ஒரு சாக்லேட்டை என் வாயில் போட்டார். "தின்னுங்க. யார்ட்டயும் சொல்லிராதீக. கம்பெனி தொறக்குற வரைக்கும் எங்களுக்கு இதான் கஞ்சி."

யாரிடமும் சொல்லவில்லை. பொங்கலுக்குள் சென்னைக்கு ஓடிவிட்டேன். நல்ல சம்பளம் என்று எல்லோரையும் நம்பவைத்தேன்.

அந்த வீடு இப்போது இல்லை. மாடியும் இல்லை. அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த ஒரு பகலில் போனது. அவர் கணவரும் அதோடு போனார். எனக்குப் பின் மாடிக்கு வந்தவன் அன்று வேலைக்குப் போயிருந்தானாம். இன்று அந்த இடத்தில் வேலிக்கருவை வளர்ந்து கிடக்கிறது. அந்தத் தெருவில் இப்போது யாரும் சாக்லேட் உருட்டுவதில்லை.

அக்கா மதுரையில், நர்சாகிவிட்ட மகளோடு இருக்கிறார். உடைந்த சாக்லேட்டைச் சாக்காக வைத்து நேற்று போன் செய்தேன். டின் பாலைக் கூட்டச் சொன்னார், என் பிள்ளைகளை விசாரித்தார். இத்தனை வருஷம் தொண்டைக்குள் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஏக்கா, அம்புட்டையும் கீழ வச்சுக்கிட்டு என்னைய மேல குடிவச்சீகளே, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வருவீகளா?"