இரும்பு வந்த வழி

சனிக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு பாத்திரக் கடையில் என் மகள் மயங்கி விழுந்தாள்.

தைப்பூசத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. பத்துமலைக்கு எடுத்துப் போகப் பால்குடம் வாங்க வந்திருந்தோம். ஒரு பித்தளைக் குடத்தை விரலால் தட்டிப் பார்த்தவள், "அம்மா, லைட்டு போயிருச்சா?" என்றாள். விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. நான் திரும்புவதற்குள் குடம் உருண்டது. கடைக்காரர் மோர் கொண்டுவந்தார்.

"விரதப் புள்ளயாக்கா? வெயிலு லா. ஒண்ணும் ஆகாது."

நம்பத்தான் நினைத்தேன். அவள் உதட்டில் நிறமே இல்லை.

மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஐந்தரைதான் இருந்தது. இரும்புச்சத்து தீர்ந்துபோயிருக்கிறது, இதயம் தாங்காமல் வேகமாகத் துடிக்கிறது, சீக்கிரம் ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். பிறகு மகளிடம், "பீரியட் எப்படிம்மா? ரொம்ப போகுதா?" என்று கேட்டார். பதில் சொல்வதற்கு முன் அவள் என்னைப் பார்த்தாள்.

விரதம் தொடங்கிய அன்று, "நின்னுருச்சா?" என்று நான்தான் கேட்டேன். நிற்காவிட்டால் இந்த வருஷம் குடம் கிடையாது என்றும் சொல்லியிருந்தேன். "ஆச்சும்மா" என்றாள். அது நிற்கவே இல்லை. பன்னிரண்டு நாள் ஒருவேளைச் சாப்பாட்டோடு, பள்ளிக்கூடமும் டியூஷனுமாக அலைந்துகொண்டு மறைத்திருக்கிறாள். சோர்வை நான் பக்தி என்று எண்ணிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

ரத்தம் பொருந்துகிறதா என்று பார்த்து அனுப்ப நேரமாகும் என்றார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திட்டவும் தோன்றியது, மன்னிப்புக் கேட்கவும் தோன்றியது; போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டேன். அவள்தான் பேசினாள். பதினேழு வயது; பள்ளியில் கடைசி வருஷம், ஐந்தாம் படிவத்தில் அறிவியல் பிரிவு.

"ரத்தத்துல இருக்கற இரும்பு எங்கேருந்து வந்துச்சு தெரியுமாம்மா?"

"முருங்கைக்கீரையிலேருந்து. அதையும் நீ ஒதுக்கி வச்சே."

"அதுக்கு முன்னாடி லா."

ஆரம்பத்தில் ஹைட்ரஜனும் ஹீலியமும், துளி லித்தியமும் தவிர வேறொன்றும் இல்லையாம். மற்றதை எல்லாம் பின்னால் வந்த நட்சத்திரங்கள் சமைத்தனவாம். பெரிய நட்சத்திரத்தின் வயிற்றில் ஹைட்ரஜன் சேர்ந்து ஹீலியம் ஆகிறது, ஹீலியம் சேர்ந்து கார்பன். அப்படியே ஆக்சிஜன், சிலிக்கான் என்று ஏறி, இரும்பில் வந்து நின்றுவிடும். இரும்பை எரித்தால் சூடு கிடைக்காது. தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லாமல் நடுப்பகுதி ஒரு நொடிக்குள் இடிந்து விழும், வெளிப்பகுதி வெடித்துச் சிதறும்.

"அதுக்கு இரும்பு சேந்துருச்சுன்னா விழும். எனக்கு இல்லேன்னா விழுது" என்று சிரித்தாள். மூச்சு வாங்கியது.

"பேசாம படு."

"இன்னொரு வழியும் இருக்கும்மா. செத்துப்போன சின்ன நட்சத்திரம், பக்கத்துல இருக்கறத இழுத்து இழுத்துத் தின்னு, ஒரேயடியா வெடிச்சுரும். இரும்பு நெறைய அதுலதான் வந்துச்சு."

பள்ளியோடு வேதியியலை விட்டவள் நான். வாய்பாடு மாதிரி ஒப்பித்த அந்தத் தனிம அட்டவணைக்குப் பின்னால் இப்படி ஒரு வேலை நடந்திருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. சூரியன் பிறக்கும் முன்பே எங்கோ வெடித்த நட்சத்திரங்களின் தூள் இந்த மண்ணாகி, கீரையாகி, ஒரு பெண்ணின் ரத்தத்தில் மூச்சுக்காற்றைச் சுமக்கிறது. அத்தனை நெருப்பும் செய்து வைத்ததை நான் தீட்டு என்ற ஒரு சொல்லால் அளந்திருந்தேன். என் பயத்தின் நடுவிலும் அந்த வியப்பு அடங்கவில்லை. இதை எல்லாம் தெரிந்து வைத்திருக்கிற பிள்ளை, எனக்குப் பயந்து பொய் சொன்னாள் என்பதும் உறுத்திக்கொண்டே இருந்தது.

"குடம் எடுக்கலன்னா முருகன் கோவிச்சுக்க மாட்டாரும்மா" என்றாள். "நீதான் கோவிச்சுக்குவேன்னு நெனச்சேன்."

அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டேன். மூன்று மணி வாக்கில் நர்ஸ் ஒருவர் ரத்தப் பையோடு உள்ளே வந்தார். மகளின் கைப்பட்டையையும் பையிலிருந்த சீட்டையும் இரண்டு முறை ஒத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

"ஆன்டி, கைய கொஞ்சம் விடுங்க. எனக்கு நரம்பு தெரியணும்."