கழுவாத கை

ஒரகடத்தில் ஷிஃப்ட் முடிந்ததும் சோப்புத்தூள் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் நாங்கள் கம்பெனி பஸ் ஏறுவோம். மெஷின் ஷாப்பில் வேலை செய்த அந்த அக்கா மட்டும் கழுவமாட்டார். ஒல்லியான உருவம், பாதி அழிந்த பொட்டு, மடியில் மல்லாந்து கிடக்கும் இரண்டு கறுத்த கைகள். பக்கத்து சீட் எனக்கு. மெஷின் எண்ணெய் வாடையில் தலை வலிக்கும்.

ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன். "இன்னாக்கா, கை கழுவவே மாட்டீங்களா?"

"எங்கப்பா லேத்துல வேல செஞ்சவரும்மா. இப்ப மறதி நோவு, பெத்த பொண்ணையே தெரியல. பழகுன வாசன, பழகுன சத்தம் எதுனா குடுத்துப் பாருன்னு டாக்டர் சொன்னாரு. பூ, சாம்பிராணி எல்லாம் காட்னேன், அசையல. ஒருநாள் கை கழுவாம வூட்டுக்குப் போயிட்டேன். கைய இழுத்து மோந்து பாத்தாரு. 'ஷிஃப்ட் வுட்டாச்சா, சாப்டியா?'ன்னு கேட்டாரு."

"உங்கள அடையாளம் தெரிஞ்சிடுச்சா?"

"எங்க! கூட வேல செய்ற ஆளுன்னு நெனச்சிக்கினு கீறாரு. இருக்கட்டும், பேசறாரு இல்ல?"

குன்றத்தூரில் பஸ் நின்றது. உள்ளங்கை எதிலும் உரசாமல், முழங்கையைக் கம்பியில் மாட்டிக்கொண்டு அவர் படியை நோக்கி நகர்ந்தார். நான் எழுந்து நின்று கத்தினேன்.

"வழி வுடுங்க! அக்கா கை மேல யாரும் பட்றாதீங்க!"